கோடையில் செய்தி கடற்கரைக்குப் போய்விடும்

மே மாதம், மதியம் இரண்டு மணி. புதுச்சேரி சட்டப்பேரவைக்கு எதிரே பாரதி பூங்காவில் உட்கார்ந்து பாருங்கள். ஆயி மண்டபத்தைச் சுற்றி மர நிழலில் நாலைந்து பேர் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். பேரவை வாசலில் சிவப்புத் தொப்பிக் காவலர் ஒருவர் நிழல் நகர நகரத் தானும் நகர்ந்து நிற்பார். முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிநீர் வந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பிய மண்டபம் அது. வெயில் ஏற ஏற, தண்ணீருக்குக் கட்டிய மண்டபத்தடியில்தான் ஊர் வந்து ஒதுங்குகிறது. எனக்குப் பிடித்த காட்சி இது.

எந்தப் பத்திரிகையிலும் மாதச் சம்பளம் இல்லாமல், எழுதிய கட்டுரைக்கு மட்டும் பணம் வாங்கும் ஃப்ரீலான்ஸ் அரசியல் செய்தியாளர் நான். என் முதல் கோடையில் இதே பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது வயிற்றில் புளியைக் கரைத்தது. அவை கூடவில்லை. அமைச்சர்கள் ஊரில் இல்லை. பல வருடங்கள் எங்களூரில் மார்ச்சில் இடைக்கால பட்ஜெட்டை மட்டும் போட்டுவிட்டு, மத்திய அரசின் ஒப்புதல் வந்த பிறகு ஜூலை, ஆகஸ்டில்தான் முழு பட்ஜெட் போடுவார்கள். 2023இலும் 2025இலும் மார்ச்சிலேயே முழு பட்ஜெட் வந்தது எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். ஆக ஏப்ரலிலிருந்து ஜூன் வரை பேரவை பக்கம் செய்தி வறண்டுவிடும். அந்த முதல் மே மாதத்தில் நான் அனுப்பிய யோசனைகளில் ஒன்றைக்கூட எந்தப் பத்திரிகை டெஸ்க்கும் எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் சில கோடைகள் போயின. இப்போது எனக்கு ஆண்டிலேயே பிடித்த மாதங்கள் இவைதான். செய்தி எங்கேயும் போய்விடவில்லை. பேரவையை விட்டுவிட்டு மார்க்கெட்டுக்கும் கடற்கரைக்கும் தேருக்கும் போய்விட்டது, அவ்வளவுதான். நானும் பின்னாலேயே போனேன்.

முதலில் பெரிய மார்க்கெட். அதைக் கூபேர் அங்காடி என்று பலகையில்தான் எழுதியிருக்கும், ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் மீன் பக்கம் போனபோது தட்டு நிறைய நெத்திலியும் பக்கத்தில் வஞ்சிரமும் இருந்தன.

"தடைக்காலம் ஆரம்பிச்சிடுச்சே, மீன் எப்படிக்கா வருது?"

"பெரிய போட்டுதான் பாப்பா போவக்கூடாது. கட்டுமரம் போவுது. நெத்திலி நம்ம பக்கத்துது. வஞ்சிரம் கேரளாவுலேருந்து ஐஸ் பொட்டியில வருது."

"அங்க தடை இல்லையா?"

"அவங்களுக்கு அப்புறந்தான் தடை. இது கூடத் தெரியாமலா பேப்பர்ல எழுதுற?"

அந்தக் கேள்விதான் எனக்குக் கிடைத்த நல்ல பயிற்சி வகுப்பு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. 2017க்கு முன்பு 45 நாளாக இருந்தது. மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதனால் ஜூன் முதல் இரண்டு வாரம் தவிர, இங்கே விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது அங்கே கடலில் இருக்கும், அங்கே நிற்கும்போது இங்கே கடலுக்குப் போகும். இதில் புதுச்சேரிக்கு மட்டும் ஒரு தனிச் சங்கதி உண்டு. எங்கள் அரசுக்கு நான்கு பகுதிகள். புதுச்சேரியும் காரைக்காலும் தமிழகக் கரையில், ஏனாம் காக்கிநாடா பக்கத்தில், மாஹே கேரளத்துக்குள்ளே அரபிக்கடல் ஓரத்தில். ஒரே அரசு, ஒரே மீன்வளத் துறை, ஆனால் மாஹேகாரருக்குத் தடை வேறு மாதத்தில்.

இது தெரிவதற்கு முன்னால் ஒரு கட்டுரையில் "புதுச்சேரி மாநிலம் முழுவதும் ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடை" என்று எழுதிவிட்டேன். மாஹேயிலிருந்து ஒரு வாசகர் ஆசிரியருக்கு எழுதினார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார், "எங்களை எப்போதும் மறந்துவிடுகிறீர்கள்" என்று ஒரு வரி மட்டும் சேர்த்திருந்தார். திருத்தம் போட்டார்கள். தவறு எழுதியதைவிட அந்த ஒரு வரிதான் என்னை அதிகம் தொட்டது. அன்றிலிருந்து "புதுச்சேரி முழுவதும்" என்று எழுதக் கை போனால் நிறுத்திவிட்டு நான்கு ஊர்ப் பெயரையும் தாளில் எழுதுவேன். நான்குக்கும் பொருந்துகிறதா என்று தனித்தனியாகப் பார்த்த பிறகுதான் அடுத்த வரி. பள்ளி திறக்கும் தேதி, மின்தடை, பேருந்துக் கட்டணம் எதுவாக இருந்தாலும் இதே வழக்கம்தான்.

எல்லைக் கதை அதோடு முடிவதில்லை. விழுப்புரம் போகும் பேருந்தில் ஏறுங்கள். வில்லியனூர் தாண்டிக் கண்டமங்கலம் வந்தால் தமிழ்நாடு. கொஞ்ச தூரத்தில் மதகடிப்பட்டு, மறுபடி புதுச்சேரி. சீட்டு ஒன்று, அரசு இரண்டு. வெயில் கொடுமையில் ஒரு அரசு பள்ளி திறப்பைத் தள்ளிவைத்து இன்னொன்று தள்ளிவைக்காவிட்டால், அந்தப் பேருந்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே போதும், கட்டுரைக்கு வேண்டியது கிடைத்துவிடும். ஒரே தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளை பையை மாட்டிக்கொண்டு கிளம்பும், எதிர்வீட்டுப் பிள்ளை நுங்கு வண்டி உருட்டிக்கொண்டிருக்கும்.

சரி, வெயிலில் எப்படி வேலை செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கத்திரி தொடங்கிவிட்டால் காலை ஏழரைக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும்தான் நான் வெளியே இருப்பேன். கடற்கரைச் சாலையில் மாலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகள் போக முடியாது. அந்த நேரத்தில் காந்தி சிலையிலிருந்து துய்ப்ளெக்ஸ் சிலை வரை நடந்தால் பாதி அரசியலைப் பார்த்துவிடலாம். முன்னாள் எம்எல்ஏ, இந்நாள் வாரியத் தலைவர், போன தேர்தலில் தோற்றவர், அடுத்த தேர்தலில் நிற்க நினைப்பவர் எல்லோரும் சுண்டல் பொட்டலத்தோடு நடந்துகொண்டிருப்பார்கள். அலுவலகத்தில் பத்து நிமிடம் கொடுக்காதவர்கள் இங்கே ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

ஆனால் காற்று வாங்க வந்த மனிதர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்து சொன்னதை மறுநாள் அச்சில் பார்த்தால் அவருக்கு எப்படி இருக்கும்? நான் அங்கே நோட்டை எடுப்பதில்லை. வீட்டுக்கு வந்து, ஞாபகத்தில் இருப்பதை எழுதிவைத்துக்கொண்டு, மறுநாள் போன் செய்வேன். "நேத்து நீங்க சொன்னதை எழுதலாமா சார்?" பாதிப் பேர் சரி என்பார்கள். சிலர் பேரைப் போட வேண்டாம் என்பார்கள். மீதிப் பேர் வேண்டவே வேண்டாம் என்பார்கள், அதை விட்டுவிடுவேன். கையில் இருந்த நல்ல செய்தி இதனால் போனதுண்டு. ஆனால் அதே கடற்கரையில் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் அவர்களே கூப்பிட்டுப் பேசுகிறார்கள்.

வெயில் உச்சியில் இருக்கும் நடு மதியங்களை ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குக் கொடுத்துவிடுகிறேன். 1827இல் தொடங்கிய நூலகம் அது. மின்விசிறிக்கு அடியில் இடம் கிடைத்தால் மாலை வரை எழுந்திருக்க மாட்டேன். அங்கே பழைய தொகுப்புகளைப் புரட்டப் புரட்டத்தான் ஆனந்தரங்கப் பிள்ளை எனக்குப் பிடித்துப்போனார். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்சுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1736இலிருந்து 1761 ஜனவரியில் கண்மூடும் வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அவர் இறந்த சில நாட்களிலேயே ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி முழங்கியது, சரக்கு என்ன விலை, கவர்னர் யாரிடம் சிரித்தார், யாரிடம் முகம் கொடுக்கவில்லை, எல்லாம் அதில் இருக்கிறது. கிழமை, தேதி, மணி, சொன்னவர் யார், அது தான் பார்த்ததா கேள்விப்பட்டதா என்றும் குறிக்கிறார்.

அதைப் படித்த பிறகுதான் என் நோட்டு ஒழுங்கானது. ஒவ்வொரு குறிப்புக்கும் மேலே தேதி, மணி, இடம். கீழே "பார்த்தது" அல்லது "கேட்டது". விலைவாசிக்குத் தனியாக இரண்டு வரி. ஒரு கிலோ வஞ்சிரம், ஒரு கட்டு கீரை, ஒரு இளநீர். சும்மா எழுதிவைப்பதுதான். ஆனால் தேர்தல் நேரத்தில் எவராவது "விலைவாசி கட்டுக்குள் இருக்கிறது" என்று மேடையில் பேசினால், மூன்று வருட மே மாதம் என் நோட்டில் இருக்கும்.

கோடையில் செய்யவேண்டிய இன்னொரு வேலை தகவல் உரிமை மனு. 2005ஆம் ஆண்டுச் சட்டம், பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. நான் மனுக்களை ஏப்ரல் முதல் வாரத்திலேயே போட்டுவிடுவேன். மே நடுவில், டெஸ்க்குகள் தலைப்புக்குத் திண்டாடும்போது, பதில் கைக்கு வந்திருக்கும். ஒரு மனுவில் ஒரே விஷயம், கேள்விகளுக்கு எண் போட்டு, "ஏன்" என்று கேட்காமல் "எந்தத் தேதியில், எந்தக் கோப்பில், எவ்வளவு" என்று கேட்கவேண்டும். ஏன் என்று கேட்டால் கருத்து கேட்கிறீர்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். என் முதல் இரண்டு மனுக்கள் அப்படித்தான் திரும்பின.

2024 கோடை எனக்கு மறக்காது. ஏப்ரல் 19இல் மக்களவைத் தேர்தல் முடிந்திருந்தது. முடிவுக்கு ஜூன் 4 வரை காத்திருக்கவேண்டும். அந்த இடைவெளியில் ஒரு மாலை லாஸ்பேட்டையில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்களிடம் பேச்சுக் கொடுத்தேன். முதல் ஓட்டுப் போட்டவர்கள். விரலில் மை இன்னும் போகவில்லை. "உங்க வார்டு கவுன்சிலர் யாரு?" என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, நடுவில் 38 வருடம். அதற்கப்புறம் நடக்கவே இல்லை. ஐந்து நகராட்சி, கிராமப் பக்கத்துக்குப் பத்து கொம்யூன் பஞ்சாயத்து, எல்லாவற்றிலும் அதிகாரிகள்தான். அந்தப் பையன்கள் பிறந்த வருடத்தில் நடந்ததுதான் கடைசித் தேர்தல். இந்த ஊரைப் பற்றி நான் எழுதியதிலேயே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிற கட்டுரை அந்த மைதானத்தில் கிடைத்தது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போவீர்கள் என்று கேட்டேன். "எம்எல்ஏ வீட்டுக்கு" என்றான் ஒருவன், வேறு வழி இருக்கும் என்றே தெரியாதவனாக. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதே ஜூன் 9 அன்று பிரான்ஸ் அதிபர் மக்ரோன் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். ஜூன் 30இலும் ஜூலை 7இலும் தேர்தல். எங்கள் தெருவில் ஒரு சொல்தா குடும்பம் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை இங்கே சொல்தா என்றுதான் சொல்வோம். 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைப்பு முடிந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அப்படி வைத்துக்கொண்ட குடும்பங்களின் பிள்ளைகளும் பேரன்களும் இன்றும் இங்கிருந்தே பாரீஸ் நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடுகிறார்கள். மொத்தம் 577 இடங்கள், அதில் 11 வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்களுக்கு. புதுச்சேரி வருவது 11ஆவது தொகுதியில். ஆசியாவின் பெரும்பகுதியும் ஆஸ்திரேலியாவும் ரஷ்யாவும் அதே தொகுதிதான். பாகூர் வயலும் சிட்னி துறைமுகமும் ஒரே எம்பிக்குக் கீழே என்று நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

நான் எழுத நினைத்தது அந்தச் சந்தோஷத்தை மட்டும்தான். வேட்டி கட்டிய பெரியவர் பிரெஞ்சு வாக்குச்சீட்டோடு நிற்கும் படம், வேடிக்கையாக நாலு வரி. பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் போய்ச் சொன்னேன்.

"எழுதுமா. ஆனா வேடிக்கையா எழுதாத," என்றார். "எம் பொண்ணு அங்க இருக்குது. எனக்குப் பென்ஷன் அங்கேருந்து வருது. பேரப்பிள்ளைக்கு அங்க படிக்கணும்னு ஆசை. இதை யாரு பார்த்துக்குவாங்கன்னு யோசிச்சுத்தான் ஓட்டுப் போடுறேன். நீ உன் ஓட்டை எப்படிப் போடுறியோ அப்படித்தான்."

அன்று சாயங்காலம் எழுதிவைத்திருந்ததை அழித்துவிட்டேன். மறுநாளிலிருந்து வாக்காளர்களைத் தேடிப் போய் ஒரே கேள்வியைக் கேட்டேன்: எதைப் பார்த்து ஓட்டுப் போடுகிறீர்கள்? பென்ஷன், விசா, பிள்ளைகள் படிப்பு, தூதரக வேலைக்கு ஆகும் நாட்கள். ஒரு அம்மா, அங்கே வெளிநாட்டுக்காரர்கள் பற்றிப் பேசுகிற பேச்சு தனக்குப் பயமாக இருக்கிறது என்றார். பிரெஞ்சில் வந்த துண்டறிக்கைகளைத் தாத்தாதான் எனக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னார். கேள்விப்பட்டதை இன்னொருவரிடமும் சரிபார்க்கிற வழக்கப்படி, பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் ஒரு டீச்சரிடமும் காட்டிக்கொண்டேன். இரண்டு இடத்தில் தாத்தா தன் கட்சிப் பாசத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருந்தார். அதைத் திருத்திக்கொண்டேன். அந்தக் கட்டுரை வெளியானபோது தாத்தா பத்துப் பிரதி வாங்கினார்.

பணம் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், புதிதாக வருபவர்கள் யாரும் இதைப் பேசுவதில்லை. ஒரு கோடையில் ஓர் இதழுக்கு மூன்று கட்டுரை எழுதிக் கொடுத்தேன். தொகை வாய்ப்பேச்சில் இருந்தது. வந்தது எட்டு மாதம் கழித்து, பேசியதில் பாதி. சண்டை போட என்னிடம் ஒரு வரி எழுத்துகூட இல்லை. இப்போது, எழுதத் தொடங்கும் முன்பே ஒரு மெயில்: தலைப்பு, எத்தனை வார்த்தை, எவ்வளவு தொகை, எப்போது தருவீர்கள், பயணச் செலவு உண்டா. "சரி" என்று ஒரு பதில் வந்தால் போதும். பிடித்தம் செய்த வரி என் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வரிக்கணக்கு கொடுக்கும் முன் 26ஏஎஸ் படிவத்தில் பார்த்துக்கொள்வேன். யோசனை அனுப்பும்போது மூன்று வரிக்கு மேல் எழுதுவதில்லை. என்ன நடக்கிறது, ஏன் இப்போது, யாரிடம் பேசப் போகிறேன்.

வைகாசியில் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் தேர். நான் தவறவிடாத செய்தி அது, எந்த டெஸ்க்கும் கேட்காவிட்டாலும் போவேன். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே கவர்னர் வந்து வடம் பிடித்துத் தொடங்கிவைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் ஒரே வடத்தைப் பிடித்து நிற்பார்கள். யூனியன் பிரதேசத்தில் இந்த இரண்டு நாற்காலிக்கும் நடுவே எவ்வளவு இழுபறி நடந்திருக்கிறது என்று தெரியும். 2019 பிப்ரவரியில் முதலமைச்சரே ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாஸ் வாசலில் தர்ணா உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அதே ஊரில் கோடை வெயிலில், கூட்டம் ஓம் நமசிவாய என்று கத்த, எல்லோரும் ஒரே பக்கமாக இழுக்கிறார்கள். தேர் நகர்கிறது. எனக்கு ஒவ்வொரு முறையும் கண் கலங்கிவிடும். யார் யாருக்குப் பக்கத்தில் நின்றார்கள் என்பதை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்வேன்.

தேர் முடிந்தால் கடலூருக்கு ஒரு நடை. கன்னியக்கோயில், முள்ளோடை தாண்டிப் போனால் மஞ்சக்குப்பத்தில் பண்ருட்டிப் பலாப்பழம் குவிந்திருக்கும். பாரதியார் புதுச்சேரியில் பத்து வருடம் இருந்துவிட்டு 1918 நவம்பரில் இந்த எல்லையைத் தாண்டியதும்தான் கைதாகிக் கடலூர் சிறையில் அடைபட்டார். எழுதியதற்காக ஊரைவிட்டு வந்து, எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டே பத்திரிகை நடத்திய மனிதர். அந்த எல்லையை நான் பலாச்சுளை தின்றுகொண்டே பேருந்தில் தாண்டுகிறேன். கை பிசுக்கென்று ஒட்டும். தேங்காய் எண்ணெய் சிறு பாட்டிலில் கொண்டுபோவது நல்லது.

ஜூன் 14 ராத்திரி தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் நிற்பேன். 61 நாள் கரையில் கிடந்த படகுகளுக்குப் புது வண்ணம் அடித்திருப்பார்கள். ஐஸ் அரைக்கும் சத்தம், டீசல் வாசனை, வலை சுமந்துகொண்டு ஓடும் பையன்கள், படகின் முன்பக்கமான அணியத்தில் கற்பூரம். தடைக்கால நிவாரணம் யார் யாருக்கு வந்தது, யாருக்கு இன்னும் வரவில்லை என்று அந்த இரைச்சலிலேயே கேட்டு எழுதிக்கொள்வேன். போன தடவை பெரிய மார்க்கெட் அக்காவும் மகனை வழியனுப்ப வந்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு முதல் எஞ்சின் பிடித்ததும் பேச்சை நிறுத்திக் கும்பிட்டார். படகின் விளக்கு முகத்துவாரத்தைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு வராத பாப்பா. நாளன்னிக்கு வா. சங்கரா எடுத்து வைக்கிறேன்."